கால் எங்கே?

கேள்வி: 1921இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலிருந்து போன ‘சென்டர்’ என்ற சின்னக் கல்லூரி, கால்பந்தில் ஹார்வர்டையே தோற்கடித்ததாமே! நம்மூர்ச் சின்னக் கல்லூரிகளுக்கு இது ஒரு பாடம் இல்லையா?
– ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: பாடம் இருக்கட்டும், முதலில் அந்தக் ‘கால்பந்து’க்கு வருவோம். அமெரிக்கர்கள் அந்தப் பெயரில் ஆடுவது கையாட்டம். பந்தைக் கையால் எறிவார்கள், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பார்கள். காலால் உதைப்பது எப்போதாவதுதான். பந்தும் உருண்டை இல்லை. முன்பு ஒருமுறை இதே பக்கத்தில் ‘முட்டைப்பந்து’ என்று எழுதிவிட்டேன். கலைச்சொல் ஆர்வலர் ஒருவர் எட்டுப் பக்கத்துக்குக் கண்டனம் அனுப்பினார். ‘அமெரிக்கக் கால்பந்து’ என்பதுதான் முறையாம். முருங்கைக்காயை ‘நீளக் கத்தரிக்காய்’ என்று கூப்பிடுவதுபோல இருக்கிறது என்று பதில் போட்டேன். அத்தோடு சந்தாவை நிறுத்திவிட்டார்.

சரி, ஆட்டம். 1921 அக்டோபர் 29, ஹார்வர்டின் சொந்த மைதானம். மூன்றாம் காலில் (இது கணக்கில் வரும் கால்) போ மக்மில்லின் என்ற மாணவர் பந்தை இடுக்கிக்கொண்டு 32 கஜம் வளைந்து நெளிந்து ஓடிக் கோட்டைத் தாண்டினார். 6 புள்ளி. அதற்குப் பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் இன்னொரு புள்ளி உண்டு. ஆக, காலுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. உதை தவறியது! 6–0 என்றே ஆட்டம் முடிந்தது.

தவறியதும் நல்லதுக்குத்தான். கல்லூரி இருக்கும் டான்வில் ஊரில் மாணவர்கள் ‘சி6 எச்0’ என்று சுவர்களில் எழுதித் தள்ளினார்கள். சென்டர் 6, ஹார்வர்ட் 0. பார்த்தால் வேதியியல் சூத்திரம்: கார்பன் ஆறு, ஹைட்ரஜன் பூஜ்யம். உதை சரியாகப் போயிருந்தால் ஏழாகி, சூத்திரம் களையிழந்திருக்கும். ஹார்வர்டும் ஒரு 6 எடுத்திருந்தால் ‘சி6 எச்6’, சாட்சாத் பென்சீன். வேதியியலில் மூன்று முறை அரியர் வைத்த எனக்கு இந்த ஒரு சூத்திரம் மட்டும் மறக்கவில்லை. அங்கே ஒரு கட்டடச் சுவரில் அந்த எழுத்து இன்னும் இருக்கிறதாம். இங்கே தேர்தல் சின்னங்களைத் தவிர எதுவும் சுவரில் ஓர் ஆண்டு தங்குவதில்லை.

இனி நீங்கள் சொன்ன ‘சின்ன’. சில நூறு மாணவர்களே படித்த கல்லூரிதான், உண்மை. ஆனால் அணியின் முதுகெலும்பாக இருந்தவர்கள் டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த் நகரத்து ஒரே பள்ளியில் சேர்ந்து ஆடிப் பழகிய பையன்கள். அவர்களைத் தயாரித்த மையர்ஸ் என்பவர் சென்டரின் பழைய மாணவர். அவர்தான் தன் கல்லூரிக்கே அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தார். 1920இல் இதே ஹார்வர்டிடம் 31–14 என்று உதைபட்டுத் திரும்பி, மறு ஆண்டு கணக்குத் தீர்த்தார்கள். யாரோ ஒரு குருவி பருந்தைக் கொத்திய கதை இல்லை இது.

என்னைக் கவர்ந்தவர் மையர்ஸ்தான். 1917இல் சென்டரின் பயிற்சியாளர் நாற்காலி அவரிடம் இருந்தது. இந்தப் பையன்களுக்குத் தன்னைவிடத் தேர்ந்தவர் வேண்டும் என்று உணர்ந்து, சார்லி மோரனைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். நம் பக்கத்து விளையாட்டுச் சங்கம் ஒன்றில் 22 ஆண்டாக ஒருவரே தலைவர். அவர் கடைசியாக ஓடியது பஸ்ஸைப் பிடிக்கத்தான். பாடம் வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஹார்வர்டை வென்றதோடு எல்லாரும் கதையை நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பருவம் முடிந்தது டல்லஸில், 1922 ஜனவரி 2 அன்று. எதிரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம், மோரன் முன்பு பயிற்சியாளராக இருந்த அதே கல்லூரி. மக்மில்லினுக்கு அன்றைக்குத்தான் கல்யாணம்! மாலையும் கழுத்துமாக இருக்க வேண்டியவர் முட்டையும் கையுமாக வந்தார். சென்டர் 22–14 என்று தோற்றது.

அந்த ஆட்டத்தில் ஏ அண்ட் எம் ஆட்கள் ஒவ்வொருவராக அடிபட்டு வெளியே வர, மாற்று ஆளுக்குத் தட்டுப்பாடு. கிங் கில் என்ற மாணவர் கால்பந்தை விட்டுக் கூடைப்பந்துக்குப் போய்விட்டவர்; மேலே நிருபர்கள் பக்கம் உட்கார்ந்து, யார் எந்த வீரர் என்று அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் பைபிள் (அது அவர் பெயர்) அவரைக் கீழே அழைத்தார். அடிபட்ட ஒருவரின் உடுப்பை வாங்கி மாட்டிக்கொண்டு கில் கோட்டோரம் வந்து நின்றார். கடைசி நிமிடம் வரை நின்றார். களத்தில் இறங்கவே இல்லை. ‘பன்னிரண்டாவது ஆள்’ என்று அவருக்குக் கல்லூரியில் சிலை இருக்கிறது. இன்றைக்கும் அங்கே ஆட்டம் நடந்தால், தேவைப்பட்டால் இறங்க நாங்களும் தயார் என்று மாணவர் கூட்டம் உட்காராமல் பார்க்கிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல், கால்கடுக்க.

கலைச்சொல் நண்பரே, உங்கள் கால் கிடைத்துவிட்டது. சந்தாவைப் புதுப்பிக்கலாம்.