ஆஃபர்ல அள்ளினதை எப்ப ஆடப்போறோம்? கேம் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி ரெண்டே விஷயம்தான். ஒண்ணு கேமை சல்லிசா எப்படி வாங்குறது, இன்னொண்ணு யாரும் கண்டுக்காம விட்ட பழைய ஆர்பிஜில, அதாவது ஒரு கேரக்டரை வளர்த்துக்கிட்டே கதைக்குள்ள போற கேம்ல, எதை ஆடலாம்னு. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குறதால கலந்தே போட்டுட்டேன்.

கே: அண்ணா, ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில 75%, 80% தள்ளுபடின்னு போட்டாலே கை சும்மா இருக்க மாட்டேங்குது. போன வருஷம் மட்டும் 43 கேம் வாங்கியிருக்கேன், ஆடி முடிச்சது 2. இது லாபமா நட்டமா?
– லைப்ரரி நிறைஞ்சவன்

தம்பி, 43 கேமுக்கு கொடுத்த மொத்த காசை 2ஆல வகுத்து பாருங்க, அந்த ரெண்டையும் நீங்க வெளியான அன்னைக்கே முழு விலைக்கு வாங்கியிருந்தா கூட மிச்சமாகியிருக்கும். நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல, என் லைப்ரரிய பார்த்தா நீங்க சிரிப்பீங்க, ஒரே கேமை ரெண்டு கடையில ரெண்டு தடவை வாங்கி ரெண்டு இடத்துலயும் இன்ஸ்டால் பண்ணாம வச்சிருக்கேன்.

ஒரு விஷயம் புரிஞ்சுக்கோங்க, ஸ்டீம்ல வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்னு வருஷத்துக்கு நாலு பெரிய சேல் வருது, நடுவுல குட்டி குட்டி சேல் வேற, அதனால "இன்னைக்கு விட்டா போச்சு"ங்கிறது அநேகமா எந்த பழைய கேமுக்கும் உண்மை இல்ல, இன்னைக்கு 75% போட்டவன் மூணு மாசத்துல திரும்பவும் போடுவான். வாங்குறதுக்கு முன்னாடி ஸ்டீம்டிபி இல்லன்னா இஸ்தேர்எனிடீல் போய் அந்த கேம் இதுவரைக்கும் எவ்வளவு கீழ இறங்கியிருக்குன்னு பாருங்க, கோடு போட்டு காட்டும். 80%ன்னு பச்சை கலர்ல மின்னுறது பல சமயம் போன சேல் விலையேதான். வாங்கிட்டீங்கன்னா அன்னைக்கே ஒன்றரை மணி நேரம் ஆடி பாத்துடுங்க, ஏன்னா வாங்கி 14 நாளுக்குள்ள, ஆடினது 2 மணி நேரத்துக்குள்ள இருந்தா ஸ்டீம்ல காசை திருப்பி கேக்கலாம். "அப்புறம் ஆடலாம்"னு வச்சா அந்த உரிமையும் போயிடும்.

கே: அதே கேமோட கீ, அதாவது ஸ்டீம்ல டைப் பண்ணா கேம் நம்மதாகுற கோடு, வேற சைட்டுகள்ல பாதி விலைக்கு கிடைக்குதே, வாங்கலாமா?
– அவசரக்குடுக்கை

நான் பட்டதை சொல்றேன். ஒரு சைட்ல, பேர் வேண்டாம், ஒரு கீ வாங்கி போட்டேன், ஏறிச்சு, நல்லா ஆடிட்டும் இருந்தேன், 20 மணி நேரம் போன பிறகு ஒரு நாள் காலைல பாத்தா லைப்ரரில அந்த கேமையே காணோம். கேட்டா விற்ற ஆளு யாருன்னே தெரியாதுங்கிறாங்க, சைட்காரங்க நாங்க வெறும் இடைத்தரகர்ங்கிறாங்க. இந்த மாதிரி இடத்துல வர்ற கீ எல்லாமே கள்ளம்னு சொல்லல, ஆனா திருட்டு கார்டுல வாங்கின கீயும் அதுல கலந்து வருது, கார்டோட சொந்தக்காரர் பேங்க்ல புகார் கொடுத்ததும் கேம் கம்பெனி அந்த கீய செத்ததாக்கிடும். கம்பெனிகிட்ட நேரா கீ வாங்கி விக்குற கடைகளும் நிறைய இருக்கு, இஸ்தேர்எனிடீல்ல காட்டுறது பெரும்பாலும் அந்த வகைதான், அதுலயே தள்ளுபடி கிடைக்கும்போது எதுக்கு ரிஸ்க்?

கே: பெரிய பேர் வாங்கின ஆர்பிஜி எல்லாம் ஆடி முடிச்சிட்டேன் அண்ணா. வந்தப்ப ஓடாம போய், இப்ப சல்லிசா கிடைக்கிற பழைய கேமா, நிஜமாவே உக்காந்து ஆடுற மாதிரி எது இருக்கு?
– லெவல் 99

இந்த கேள்விக்குத்தான் காத்துட்டு இருந்தேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல வேம்பயர்: தி மாஸ்கரேட் பிளட்லைன்ஸ். 2004 நவம்பர் 16ஆம் தேதி வந்துச்சு, அதே நாள்ல எல்லாரும் காத்துட்டு இருந்த ஹாஃப்-லைஃப் 2ங்கிற துப்பாக்கி கேமும் வந்துச்சு. பிளட்லைன்ஸும் ஹாஃப்-லைஃப் 2 செஞ்ச வால்வ் கம்பெனியோட அதே சோர்ஸ் இன்ஜின்ல செஞ்ச கேம்தான். பாகுபலி ரிலீஸ் அன்னைக்கு வேற படத்தை இறக்கின கதைதான். செஞ்ச ட்ரோய்கா கம்பெனிய மறு வருஷமே இழுத்து மூடிட்டாங்க. வந்தப்ப பக் நிறைய, பாதிலயே கிராஷ் ஆகும். அப்புறம் ரசிகர்களே வருஷக்கணக்கா உக்காந்து பிழை திருத்துற அன்அஃபிஷியல் பேட்ச் போட்டு போட்டு தூக்கி நிறுத்திட்டாங்க, ஜிஓஜிங்கிற ஆன்லைன் கடையில வாங்கினா அந்த பேட்ச் கூடவே வருது.

அதுல ஓஷன் ஹவுஸ்னு ஒரு பாழடைஞ்ச ஹோட்டல் வரும். நீங்க ரத்தம் குடிக்கிற வேம்பயர், உங்களுக்கே உள்ள போக கால் வராது. சண்டை போட ஒரு ஆளு கிடையாது அந்த இடம் முழுக்க, பல்பு வெடிக்கும், மேல யாரோ நடக்குற சத்தம், ஜாடி பறந்து வந்து மேல விழும், அவ்வளவுதான். நான் ஹெட்போனை கழட்டி வச்சிட்டு ஆடினேன், வெக்கமே இல்லாம ஒத்துக்குறேன். ரெண்டாவது தடவை ஆடுறப்ப மால்கேவியன் குலத்தை எடுங்க, கிறுக்கு பிடிச்ச குலம், உங்க வசனம் மொத்தமும் மாறிடும், ரோட்டோரம் நிக்குற ஸ்டாப் போர்டோட சண்டை போடுவீங்க. முதல் தடவையே எடுக்காதீங்க, கதையே புரியாது.

இதே ட்ரோய்கா 2001ல விட்ட ஆர்கானம் இன்னொண்ணு. மந்திரமும் நீராவி இயந்திரமும் ஒரே உலகத்துல இருந்தா என்ன ஆகும்ங்கிறதுதான் கதை. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது, நீங்க துப்பாக்கி, மெஷின்னு போயிட்டா கூட வர்றவன் போடுற குணமாக்கும் மந்திரம் உங்க மேல சரியா பலிக்காது. அறிவு புள்ளிய ரொம்ப குறைச்சு ஒரு மண்டு கேரக்டர் செஞ்சு பாருங்க, அவன் பேசுற பேச்சும் அதுக்கு ஊரார் காட்டுற பொறுமையும் தனி காமெடி. சண்டை மட்டும் மோசம், மறைக்க மாட்டேன். செட்டிங்க்ஸ்ல டர்ன்-பேஸ்டுக்கு, அதாவது ஆளுக்கு ஒரு முறைன்னு மாறி மாறி அடிக்கிற முறைக்கு, மாத்திக்கோங்க, இல்லன்னா என்ன நடந்துச்சுன்னு தெரியறதுக்குள்ள செத்திருப்பீங்க.

மூணாவது பிளேன்ஸ்கேப்: டார்மென்ட், 1999. பிணவறை மேஜையில கண்ணு முழிக்கிறீங்க, பேர் தெரியாது, பக்கத்துல மோர்ட்டேன்னு ஒரு மண்டை ஓடு மிதந்துக்கிட்டு நக்கல் பண்ணுது, உங்க முதுகுல பச்சை குத்தியிருக்குறத அதுதான் படிச்சு சொல்லும், நீங்களே உங்களுக்கு எழுதி வச்சுக்கிட்ட குறிப்பு அது. இதுல நீங்க செத்தா கேம் முடியாது, திரும்ப எழுந்துடுவீங்க, சில இடத்துல சாகுறதுதான் வழியே. மொத்தம் சுமாரா 8 லட்சம் வார்த்தைன்னு சொல்வாங்க. எல்லாரும் பண்ற தப்பு, புள்ளிய எல்லாம் பலத்துல போட்டு அடிதடிக்கு தயாராகுறது. ஞானம், அறிவு, வசீகரம்னு வர்ற மூணுலயும் கொட்டுங்க, கேமோட பாதி கதவு பேச்சுலதான் திறக்கும். 2017ல வந்த என்ஹான்ஸ்டு எடிஷன் இப்பத்த கம்ப்யூட்டர்ல தகராறு பண்ணாது.

இந்த மாதிரி கேமுக்கெல்லாம் முதல் மூணு மணி நேரம் கொஞ்சம் கஷ்டம்தான், அதனாலதான் அன்னைக்கு ஓடல, அதனாலதான் இன்னைக்கு சல்லிசா கிடைக்குது. அந்த மூணு மணி நேரத்தை மட்டும் லீவு நாள்ல, போனை தூர வச்சிட்டு ஆடுங்க.

கே: 8 லட்சம் வார்த்தையா? ஆள விடுங்க சாமி. படிக்காம ஆடுற மாதிரி?
– வசனம்னா ஸ்கிப்

உங்களுக்கு காத்திக், 2001ல பிரானா பைட்ஸ் செஞ்சது. ஒரு மந்திர கூண்டு போட்டு மூடின கைதிகள் காலனில உங்கள தூக்கி போடுறாங்க. ஆரம்பத்துல நீங்க ஒண்ணுக்கும் உதவாதவன், வழியில மேயுற ஒரு பெரிய பறவையே கொத்தி கொன்னுடும், அதுவும் ரெண்டு மூணு தடவை. கன்ட்ரோலை பழகுறதுக்குள்ள கீபோர்டை தூக்கி அடிக்க தோணும், ஆக்ஷன் பட்டனை அமுக்கிக்கிட்டே திசை பட்டனை தட்டினாத்தான் கத்தியே வீசுவான்.

ஆனா ஒண்ணு கவனிங்க. ஒத்தைக்கை கத்திய ஆரம்பத்துல ரெண்டு கையாலயும் இறுக்கி பிடிச்சிருப்பான், கட்டை தூக்குற மாதிரி. வாத்தியார்கிட்ட காசு கொடுத்து கத்துக்கிட்டு வந்த பிறகு அதே கத்திய ஒரே கையில பிடிப்பான், நிக்குற தினுசே மாறியிருக்கும். மெனுல நம்பர் ஏறுறதை விட அது எவ்வளவோ மேல.

சிரிக்கணும்னா அனக்ரோனாக்ஸ், அதுவும் 2001தான். அதுல டெமோக்ரடஸ்னு ஒரு முழு கிரகமே சுருங்கி வந்து உங்க டீம்ல சேர்ந்துக்கும். வசனம் இருக்கு, ஆனா நீங்க ஸ்கிப் பண்ண மாட்டீங்க.

கே: எனக்கு டிஸ்க்கும் கார்ட்ரிட்ஜும் கையில இருந்தாத்தான் திருப்தி. செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது என்ன பாக்கணும் அண்ணா?
– டிஸ்க் பிரியை

தங்கச்சி, கம்ப்யூட்டர் கேம் டிஸ்க்கா இருந்தா பெரும்பாலும் வேண்டாம், உள்ள இருக்குற சீரியல் நம்பரை ஏற்கனவே யாராவது போட்டிருந்தா அது வெறும் தட்டுதான். கன்சோல் டிஸ்க்னா வெளிச்சத்துக்கு நேரா தூக்கி பிடிங்க, ஊசி குத்தின மாதிரி ஒளி தெரிஞ்சா வச்சிடுங்க. பிளேஸ்டேஷன் 1 காலத்து சிடில பளபளன்னு இருக்குற பக்கம் லேசா கீறியிருந்தா கூட தேத்திடலாம், படம் போட்ட பக்கம் ஆழமா கீறியிருந்தா தேறாது, தகவல் இருக்குற படலம் அந்த பக்கத்துக்கு அடியிலதான் இருக்கு. ரீஜன் லாக்கையும், அதாவது ஒரு நாட்டு டிஸ்க் வேற நாட்டு மெஷின்ல ஓடாதபடி போடுற பூட்டையும், பாத்துக்கோங்க, பிஎஸ்1, பிஎஸ்2, கேம்கியூப் எல்லாம் பூட்டு போட்டது, கேம்பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் எங்க வாங்கினாலும் ஓடும்.

சூப்பர் நின்டெண்டோ காலத்து ஆர்பிஜி கார்ட்ரிட்ஜ்ல சேவ் நிக்கிறது உள்ள இருக்குற ஒரு சின்ன பட்டன் பேட்டரிய நம்பித்தான், அது செத்தா கேம் ஓடும், சேவ் நிக்காது. அப்புறம் போலி. எர்த்பவுண்ட் தெரியும்ல, 1995ல அமெரிக்காவுல வந்து சரியா விக்காம போய் அப்புறமா கொண்டாடப்பட்ட கேம், அதுல கள்ள காப்பிக்குன்னே ஒரு பொறி வச்சிருந்தாங்க. காப்பின்னு தெரிஞ்சா எதிரிகளை கூட்டம் கூட்டமா இறக்கும், அதையும் தாண்டி கடைசி சண்டை வரைக்கும் வந்தீங்கன்னா கேம் அப்படியே உறைஞ்சு நிக்கும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சேவ் எல்லாம் துடைச்சு போட்டிருக்கும். எவ்வளவு வன்மம் பாருங்க! அசலை தேடி அலைய வேண்டாம்னா 2022லேர்ந்து நின்டெண்டோவோட ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவுல இருக்கு.

பிளேஸ்டேஷன் 1ல வந்த சுய்கோடன் 2ங்கிற ஆர்பிஜியும் அப்படித்தான், டிஸ்க் விலை ஆனை விலை குதிரை விலைக்கு ஏறி கிடந்துச்சு, 2025 மார்ச்ல முதல் ரெண்டு பாகமும் சேர்ந்து எச்டி ரீமாஸ்டரா வந்துடுச்சு. பாகத்துக்கு 108 பேரை தேடி சேர்க்கணும். முதல் பாகத்தை முடிச்சு அந்த சேவை ரெண்டாவதுல ஏத்துங்க, பழைய நாயகன் வந்து சேர்ந்துப்பான், அதனால தயவுசெஞ்சு வரிசையா ஆடுங்க.

கே: விஷ்லிஸ்ட்ல போட்டு விலை குறையட்டும்னு காத்திருந்தேன், கேமையே கடையிலேர்ந்து தூக்கிட்டாங்க. இதுக்கு என்ன பண்றது?
– ஏமாந்த சோணகிரி

நடக்கும். ஆல்ஃபா புரோட்டோகால்னு ஒரு உளவாளி ஆர்பிஜி, 2010ல ஆப்சிடியன் செஞ்சது. பாட்டு உரிமை முடிஞ்சு போச்சுன்னு 2019ல ஸ்டீம்லேர்ந்து தூக்கினாங்க, 2024லதான் ஜிஓஜி திரும்ப கொண்டு வந்துச்சு, அஞ்சு வருஷம் காத்திருக்கணும். 3டிஎஸ், வீ யூ ரெண்டோட ஆன்லைன் கடையவும் நின்டெண்டோ 2023 மார்ச்ல மூடிட்டாங்க, அதுல மட்டும் கிடைச்சதெல்லாம் இனிமே புதுசா வாங்க வழியே இல்ல. அதனால லைசென்ஸ் பாட்டு, சினிமா கேரக்டர், நிஜ கார் கம்பெனின்னு உள்ள இருக்குற கேமுக்கு ரொம்ப காத்திருக்காதீங்க, நடுத்தர தள்ளுபடி வந்தாலே எடுத்துடுங்க. ஜிஓஜில வாங்கினதுக்கு டிஆர்எம்ங்கிற காப்பி தடுப்பு பூட்டு கிடையாது, இன்ஸ்டாலரை இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டு வச்சிடலாம்.

கே: பட்ஜெட் பூஜ்யம். ஏதாவது?
– காலி பர்ஸ்

எபிக் கடையில வாரா வாரம் ஏதாவது ஒண்ணு ஓசில கொடுக்குறாங்க, ஆனா அங்க என்ன வருதோ அதைத்தான் ஆடணும். நான் சொல்றது வேற. டாகர்ஃபால், 1996ல வந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் ரெண்டாம் பாகம், கம்பெனியே 2009ல இலவசமாக்கிடுச்சு, ரசிகர்கள் அதை டாகர்ஃபால் யூனிட்டின்னு புது இன்ஜின்ல ஏத்தி வச்சிருக்காங்க. முதல் குகையிலேர்ந்து வெளிய வரவே வழி தெரியாம சுத்துவீங்க, பயப்படாதீங்க, எல்லாரும் சுத்தினதுதான்.

இன்னொண்ணு அல்டிமா 4, 1985ல வந்தது, ஜிஓஜில சும்மாவே இறக்கிக்கலாம். கொல்ல வேண்டிய பெரிய வில்லன்னு ஒருத்தன் கிடையாது, எட்டு நற்குணத்தை நீங்க வளர்த்துக்கணும், அதான் கேமே. அதுல மூலிகை விக்கிற ஒரு பார்வை இல்லாத அம்மா இருக்காங்க. அவங்க விலை சொல்வாங்க, எவ்வளவு காசு கொடுக்குறீங்கன்னு நீங்கதான் டைப் பண்ணணும். நான் முதல் தடவை ஆடுறப்ப, அவங்களுக்கா தெரியப்போகுதுன்னு ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு காசு போட்டுட்டு மூட்டை மூட்டையா அள்ளிட்டு வந்தேன், அந்த அம்மாவும் ஒண்ணும் சொல்லல. கேம் மட்டும் ஒவ்வொரு தடவையும் கணக்கு எழுதிக்கிட்டே வந்திருக்கு. ரொம்ப நாள் கழிச்சு நேர்மைக்கான கோயில்ல போய் தியானத்துக்கு உக்காந்தேன், ஒண்ணும் நடக்கல. திரும்ப போய் முழு விலை கொடுத்து கொடுத்து வாங்கியே அந்த கணக்கை நேர் பண்ண வேண்டியதா போச்சு.