நண்பர் போனில் இருக்கிற குறிப்பேடு ஆப், என் புதுப் போனின் பிளே ஸ்டோர் தேடலில் வரவில்லை

பெயரைத் தட்டித் தேடுவதை விட்டுவிடுங்கள். நண்பர் தன் பிளே ஸ்டோரில் அந்தக் குறிப்பேடு ஆப்பின் பக்கத்தைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியில் 'ஷேர்' கொடுத்து லிங்க்கை அனுப்பட்டும். அதை உங்கள் புதுப் போனில் திறந்து பாருங்கள்.

பக்கம் திறந்து 'இன்ஸ்டால்' பட்டன் இருந்தால், தேடல்தான் சொதப்பியிருக்கிறது. 'நோட்ஸ்' மாதிரிப் பொதுவான பெயர் என்றால் விளம்பரங்களும் பிரபலமான ஆப்களும் முன்னால் வந்து அடைத்துக்கொள்ளும்.

பழைய ஆண்ட்ராய்டுக்காகச் செய்தது, உங்கள் போனுக்குக் கிடைக்காது என்று வந்தால் (என் சந்தேகம் இதில்தான்), வேறு சொற்களில் தேடியும் பயனில்லை. நெடுநாள் அப்டேட் ஆகாத ஆப்களைப் புது ஆண்ட்ராய்டு போன்களில் புதிதாக வருபவர்களுக்கு கூகுள் காட்டுவதில்லை. முன்பே நிறுவியவர்களுக்கு மட்டும் தெரியும். நண்பருக்குத் தெரிவதும் அதனால் இருக்கலாம். அப்புறம், நாட்டு வாரியாக மறைக்கப்பட்ட ஆப்களும் உண்டு.

ஒன்று: தேடும்போது அதே பெயரில், ஏறக்குறைய அதே ஐகானில் வேறொன்று வந்தால் உடனே நிறுவாதீர்கள். பெயருக்குக் கீழே இருக்கும் டெவலப்பர் பெயர் நண்பர் போனில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா பாருங்கள். கண்ட தளத்திலிருந்து ஏபிகே (பிளே ஸ்டோர் இல்லாமல் ஆப்பை நிறுவும் கோப்பு) இறக்குவதும் வேண்டாம்.