ஹங்கேரியின் இடைக்கால வெள்ளிக் காசுகளைச் சேகரிப்பாளர்கள் ஏன் தேடுகிறார்கள்?
அந்தச் சின்னக் காசுகளில் படிப்பதற்கு நிறைய இருப்பதுதான் காரணம். மாத்தியாஸ் அரசரின் (1458–1490) தெனார் என்ற வெள்ளிக் காசைப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒரு பக்கம் குழந்தை இயேசுவுடன் மரியாள். மறுபக்கம் நான்காகப் பிரித்த கேடயம், நடுவில் அவருடைய குலச்சின்னமான அண்டங்காக்கை. மரியாளின் இருபுறமும் எழுத்துகள் இருக்கும். 'கே' (K) என்றால் கிரெம்னிட்சா ஊரின் அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் இடம். மற்றது பொறுப்பிலிருந்த அதிகாரியைச் சுட்டும். இந்தச் சேர்க்கைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பதே பலருக்குப் பைத்தியம். 1328இல் தொடங்கிய அந்த அக்கசாலை (இப்போது ஸ்லோவாக்கியாவில்) இன்றும் காசு அடிக்கிறது!

ஏராளமாக வெளியானதால் மாத்தியாஸ் காசுகள் புதியவர்களுக்கும் கட்டுப்படியாகும். எனக்குப் பிடித்தவை 12ஆம் நூற்றாண்டின் குட்டிக் காசுகள். பலவற்றில் அரசர் பெயரே கிடையாது. சிலுவை, புள்ளி, கோடு மட்டும். எந்த அரசருடையது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.