தண்ணீரில் நின்றும் வாடும் ஏத்தன் வாழை

கேள்வி: கல்குளம் பக்கம் ஏலாவில் (வயல்வெளியில்) நெல்லை விட்டுவிட்டு 120 மூடு (மரம்) ஏத்தன் (நேந்திரன்) வாழை வைத்திருக்கிறேன். ஐந்து மாதப் பயிர். ஒரு வாரம் விடாத மழை, தண்ணீர் வடியவில்லை. வெயில் வந்ததும் இலை மடிந்து தொங்குகிறது. அடி இலை மஞ்சளாகிறது. பக்கத்து வயல் நெல் அதே தண்ணீரில் பச்சையாக நிற்கிறது. இது வாடல் நோயா? யூரியா போடட்டுமா?

பதில்: யூரியா மூட்டையை இப்போது பிரிக்காதீர்கள். உங்கள் வாழைக்குப் பசியல்ல, மூச்சுமுட்டல்.

வேரும் மூச்சுவிடுகிறது. மண்துகள்களுக்கு நடுவே உள்ள காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜனை எடுக்கிறது. தண்ணீர் நின்றால் அந்த இடைவெளியெல்லாம் அடைபடும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். ஆகவே வேர் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பிழைக்கப் பார்க்கிறது. கள் புளிக்கிற அதே வேலைதான். அதில் கிடைக்கும் சக்தி, சரியாக மூச்சுவிட்டால் கிடைப்பதில் 15-ல் ஒரு பங்குதான். வேரின் செல்கள் அமிலமாகி, தண்ணீர் நுழையும் நுண்வழிகள் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் தண்ணீர், உள்ளே தாகம்!

நமக்கு இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. வாழையில் பகல் நேரத்தில் பெரும்பாலும் மேலிருந்து இழுப்புதான். இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகப் போகப் போக, சைலம் குழாயில் உள்ள நீர் கம்பிபோல் மேலே ஏறும். கீழே வரத்து நின்றால் இலை துளைகளை மூடி, நடுநரம்போடு மடிந்துகொள்ளும். கரியமிலவாயு நுழைவதும் அதே துளைகளில்தான். அதனால் இலையில் சர்க்கரை தயாராவதும் குறையும். வேருக்குப் போகவேண்டிய சர்க்கரை அந்த இலையிலிருந்துதான் வரவேண்டும். இப்படித்தான் நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிறது. (நல்ல வாழையும் உச்சிவெயிலில் இலையை மடிக்கும். மறுநாள் காலையிலும் விரியாமல் இருந்தால்தான் கவலை.)

நெல்லின் கதை வேறு. அதன் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் இருக்கின்றன. இலையிலிருந்து வேர்நுனிவரை காற்று இறங்கிவிடும். வாழைக்கு அந்த வசதி போதாது.

நோயா என்று பார்க்க, மோசமாக வாடிய ஒரு வாழை மூட்டைத் தோண்டி கிழங்கைக் குறுக்கே வெட்டுங்கள். செம்பழுப்பு நிறத்தில் புள்ளியும் கோடுமாகத் தெரிந்தால் வாடல் நோய்தான். கிழங்கு வெள்ளையாக இருந்து, வேர் மட்டும் கறுத்து அழுகியிருந்தால் நீர்தேக்கம்.

முதல் வேலை வடிகால். இரண்டு வரிசைக்கு ஒரு சால், இரண்டடி ஆழம், தோட்டுப் (ஓடை) பக்கம் சரிவாக வெட்டுங்கள். மூட்டுக்குப் பக்கத்தில் மண்வெட்டி வேண்டாம். மிச்சமிருக்கும் வேரும் போய்விடும். நிற்கிற தண்ணீரில் யூரியா போட்டால், அதில் ஒரு பகுதியை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் வாயுவாக்கிப் பறக்கவிடும், காசும் அதோடு போகும்.

மண் காய்ந்த பிறகு 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 5 கிராம், கொஞ்சம் ஒட்டுத்திரவத்தோடு, காலையில் இலையில் தெளியுங்கள். வாழை இலையில் மெழுகு அதிகம், ஒட்டுத்திரவம் இல்லாவிட்டால் எல்லாம் உருண்டு விழுந்துவிடும். வெள்ளை வேர் புதிதாக வந்ததும் மண்ணில் உரம் வைக்கலாம். அதுவரை காற்று பலமாக அடித்தால் வேர்ப்பிடி இல்லாத மூடு சாயும். இப்போதே முட்டுக் கொடுத்துவிடுங்கள், குலை தள்ளும்வரை காத்திருக்க வேண்டாம்.