இரண்டு சாவி, ஒரு மெடிகேர் அட்டை

போன இதழில் மெடிகேர், அதாவது 65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ் பற்றி நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: பனிக்காலத்துக்கு ஒரு வீடு, மற்ற மாதங்களுக்கு ஒரு வீடு, இன்சூரன்ஸ் எந்த வீட்டுக்கு? நான் ஒரு மருத்துவமனை பில்லிங் அலுவலகத்தில் 22 வருடம் உட்கார்ந்து எழுந்தவள். ஏஜென்ட் இல்லை, யார் பிளானையும் விற்பதில்லை. அந்தத் தைரியத்தில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் 30 வருடமாக இருக்கிறோம். வரும் ஏப்ரலில் என் கணவருக்கு 65 நிறைகிறது, எனக்கு அடுத்த வருடம். இருவரும் வேலையை விட்டாயிற்று. ஃப்ளோரிடாவில் டாம்பா பக்கம் சின்னதாக ஒரு வீடு வாங்கியிருக்கிறோம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே, மற்ற மாதங்கள் இங்கே. கோவிலில் பழக்கமான நண்பர் ஒருவர், "மாதம் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம், பல், கண்ணாடி எல்லாம் சேர்த்து" என்று ஒரு மெடிகேர் அட்வான்டேஜ் பிளானைச் சொல்கிறார். எடுக்கலாமா அம்மா?

பதில்: அட்வான்டேஜ் என்பது அரசாங்கத்துக்குப் பதிலாகத் தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேர். உங்கள் விஷயத்தில் வேண்டாம் என்பேன். காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

என் கணவர் 65 ஆனதும், ஒரு ஜனவரியில், இதே மாதிரி பிரீமியம் இல்லாத எச்.எம்.ஓ. பிளானில்தான், அதாவது பட்டியலில் உள்ள டாக்டர்களிடம் மட்டும் போகும் வகையில், சேர்ந்தார். அக்டோபரில் முழங்கால் மாற்று அறுவை. நல்ல சர்ஜன், நல்ல ஆஸ்பத்திரி, பில்லும் கைக்கடக்கம். நவம்பர் இரண்டாம் வாரம் ஃப்ளோரிடா போனோம். வாரம் மூன்று முறை பிசியோதெரபி செய்தே ஆக வேண்டும் என்று சர்ஜன் சீட்டு எழுதியிருந்தார். அங்கே கிளினிக் வரவேற்பில் இருந்த பெண் அட்டையை வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள், ஏதோ தட்டினாள், மறுபடி திருப்பினாள். எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. அட்டையை இரண்டாம் முறை திருப்பினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்; நானே எத்தனை பேருக்கு முன்னால் அப்படித் திருப்பியிருக்கிறேன்! "இந்த பிளான் நியூ ஜெர்சியில் மட்டும்தான் மேடம்" என்றாள். பிளானுக்குப் போன் செய்து நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு கிடைத்த பதில்: "அவசரம் என்றால் நாட்டில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பிசியோதெரபி அவசரம் இல்லையே."

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. விதியே அதுதான். மாரடைப்பு வந்தால் எந்த அட்வான்டேஜ் பிளானும் டாம்பாவில் பணம் கொடுத்தாக வேண்டும். ஆனால் நம் வயதில் உடம்பு படுத்துவது பெரும்பாலும் சைரன் போடாமல்தான். தையல் பிரிப்பது, சர்க்கரை டாக்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது, கண்ணில் ஊசி, தோளில் வலி. இதெல்லாம் இரண்டாவது வீட்டில் நடக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கு நடக்கவில்லை. ஒரு தடவைக்கு 110 டாலர் வீதம் 14 தடவை கைக்காசு போட்டோம், அப்புறம் நிறுத்திவிட்டோம். இன்றைக்கும் அவர் படி இறங்கும்போது கை தானாகக் கைப்பிடியைத் தேடுகிறது.

"ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம்" என்பதிலும் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. எந்தப் பிளானில் இருந்தாலும் மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி-யின் பிரீமியத்தை அரசாங்கத்துக்குக் கட்டியே ஆக வேண்டும். 2026-ல் அது மாதம் 202.90 டாலர். வருமானம் அதிகம் என்றால் இன்னும் கூடும், அதுவும் இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக் கணக்கைப் பார்த்துத்தான் போடுவார்கள். (எடிசன் வீட்டை என்றைக்காவது நல்ல லாபத்துக்கு விற்றால் அதன் சூடு இரண்டு வருடம் கழித்துத் தெரியும்.) நண்பர் சொல்லும் பூஜ்யம் அதற்கு மேலே வரும் பிரீமியம் மட்டும்தான்.

சரி, வேறு என்ன வழி? ஒரிஜினல் மெடிகேர், அதாவது ஆஸ்பத்திரிக்கான பார்ட் ஏ-யும் பார்ட் பி-யும். அதோடு ஒரு மெடிகாப் பாலிசி, தனியாக மருந்துக்கு ஒரு பார்ட் டி. ஒரிஜினல் மெடிகேருக்கு நெட்வொர்க், அதாவது இந்த டாக்டர்களிடம் மட்டும் என்ற பட்டியல், என்பதே கிடையாது. மெடிகேர் வாங்கும் எந்த டாக்டரிடமும், எடிசனோ டாம்பாவோ சியாட்டிலோ, போய் உட்காரலாம். ஆனால் பார்ட் பி செலவில் 20 சதவீதம் உங்கள் தலையில், அதற்கு உச்சவரம்பும் இல்லை. அந்த ஓட்டையை அடைப்பதுதான் மெடிகாப். அதில் பிளான் ஜி என்ற வகையை எடுத்தால் பார்ட் பி டிடக்டிபிள் (முதலில் நீங்கள் கட்ட வேண்டிய தொகை), 2026-ல் 283 டாலர், வருடத்துக்கு ஒருமுறை உங்களுடையது. மெடிகேர் ஏற்கும் செலவில் அதற்கு மேல் உங்கள் பங்கை அது பார்த்துக்கொள்ளும். நியூ ஜெர்சியில் ஒரு கம்பெனியின் ஜி-யும் இன்னொரு கம்பெனியின் ஜி-யும் சலுகையில் ஒன்றே, விலைதான் வேறு. அதனால் பெயரைப் பார்க்காமல் விலையைப் பாருங்கள். கடந்த ஐந்து வருடத்தில் எவ்வளவு ஏற்றினார்கள் என்றும் கேளுங்கள். பல்லும் கண்ணாடியும் இதில் வராது, கைக்காசுதான். மாதாமாதம் மெடிகாப் பிரீமியம் வலிக்கும், மறைக்கவில்லை. ஒரே ஊரில் இருப்பவர் கேட்டிருந்தால் நானே அட்வான்டேஜையும் பாருங்கள் என்றிருப்பேன்.

இப்போது தேதிதான் முக்கியம். 65 வயதாகி பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதம், எந்த மெடிகாப் கம்பெனியும் உங்கள் கணவரை மறுக்க முடியாது. நோயைக் காட்டி விலை ஏற்றவும் முடியாது. ஏப்ரல் 1-ல் தொடங்கினால் செப்டம்பர் 30-ல் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் உடம்பைத் துருவிக் கேட்டுவிட்டுத்தான் தருவார்கள். நாங்கள் தப்பித்தது வேறு ஒரு விதியால். 65-ல் முதன்முதலாக மெடிகேர் கிடைத்தபோதே அட்வான்டேஜில் சேர்ந்தவர் முதல் 12 மாதத்துக்குள் ஒரிஜினலுக்குத் திரும்பினால், மெடிகாப் கம்பெனி மறுக்கக் கூடாது. ஜனவரியில் சேர்ந்தவர் டிசம்பரில் வெளியே வந்தார். இன்னும் ஒரு மாதம் சோம்பியிருந்தால் கதை கந்தல்.

இன்னொன்று. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் பிளானின் எல்லைக்கு வெளியே இருந்தால், பயணச் சலுகை தனியாக இல்லாத அட்வான்டேஜ் பிளான் உங்களை நீக்கிவிட வேண்டும் என்பது சட்டம். உங்களுடைய நவம்பர்–ஏப்ரல் கணக்கு கோட்டின் மேலேயே நிற்கிறது; திரும்பும் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டால் போச்சு.

அப்புறம் நீங்கள். மெடிகேரில் குடும்ப அட்டை கிடையாது. கணவருக்குக் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உங்கள் 65 வரைக்கும் மார்க்கெட்பிளேஸில் (அரசாங்கத்தின் இன்சூரன்ஸ் சந்தை) தனிப் பாலிசி வேண்டும். அங்கேயும் பல பிளான்கள் மாநில எல்லையோடு நிற்கும். வாங்கும்போதே டாம்பா டாக்டர் ஒருவரின் பெயரைச் சொல்லி நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 69. நாலு வருடமாக அட்வான்டேஜ் எச்.எம்.ஓ. சர்க்கரை உண்டு, போன வருடம் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இருப்பது இல்லினாயில் நேப்பர்வில். மகள் ஃபீனிக்ஸ் போய்விட்டதால் இனி குளிர்காலம் நாலு மாதம் அங்கேதான். நான் இப்போது ஒரிஜினல் மெடிகேருக்கு மாற முடியுமா?

பதில்: ஒரிஜினலுக்கு மாறலாம், அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை யாருக்கும் கதவு திறந்திருக்கும். மெடிகாப் கிடைக்குமா என்பதுதான் சிக்கல். நியூ யார்க், கனெக்டிகட் மாநிலங்களில் வருடம் முழுக்க மறுக்காமல் தர வேண்டும். உங்களுக்கு அந்த வசதி இல்லை. போன வருட ஸ்டென்ட்டைப் பார்த்துப் பலர் கையை விரிப்பார்கள். எல்லாரும் ஒரே மாதிரி கேட்பதில்லை என்பதால் இரண்டு மூன்று கம்பெனியில் விண்ணப்பித்துப் பாருங்கள். கையில் ஒப்புதல் கடிதம் வருவதற்கு முன் பழைய பிளானை விட்டுவிடாதீர்கள். மெடிகாப் இல்லாமல் வெறும் ஒரிஜினலில் நின்றால் அந்த 20 சதவீதம் கழுத்துக்கு வரும்.

கிடைக்கவில்லையா, பி.பி.ஓ. வகை அட்வான்டேஜைப் பாருங்கள். வெளி டாக்டரிடமும் போகலாம், செலவு கூடும். போன் செய்யும்போது "ஃபீனிக்ஸில் இருதய டாக்டரைப் பார்த்தால் எனக்கு என்ன செலவு, வருடத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு" என்று கேளுங்கள். வெளி டாக்டர்களையும் சேர்த்த வரம்பு பெரும்பாலும் வேறாக, பெரிதாக இருக்கும். சில பிளான்களில் பயணிகளுக்கென்று தனிச் சலுகை உண்டு. கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் வாய் திறக்கமாட்டார்கள்.

மூன்றாவதாக ஒன்று. என்றைக்காவது நிரந்தரமாகவே ஃபீனிக்ஸுக்குக் குடிபோனால், பிளானின் எல்லையை விட்டுப் போகிறீர்கள் என்ற காரணத்தால் ஒரிஜினலுக்குத் திரும்பி, ஸ்டென்ட்டைப் பற்றிய கேள்வி இல்லாமல் ஜி உட்படச் சில மெடிகாப் பிளான்களை வாங்கும் உரிமை வருகிறது. பழைய காப்பீடு முடிந்து 63 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் குடிபோவது நிஜமாக இருக்க வேண்டும்; லைசென்ஸ், வரி, ஓட்டு எல்லாம் அரிசோனாவுக்கு மாற வேண்டும். இன்சூரன்ஸுக்காக விலாசத்தில் விளையாட வேண்டாம்.

கேள்வி: எங்கள் இரண்டாவது வீடு கோயம்புத்தூரில். நவம்பர் கடைசியில் போனால் மார்ச் கடைசியில்தான் டெக்சாஸ் திரும்புவோம். மெடிகேரும் பிளான் ஜி-யும் இருக்கிறது. அங்கே போதுமா? நாலு மாதம் உபயோகப்படாத பார்ட் பி-யை நிறுத்திவிடலாமா?

பதில்: இந்தியாவில் மெடிகேர் பணம் கொடுக்காது. பிளான் ஜி கொஞ்சம் கொடுக்கும்: ஒவ்வொரு பயணத்திலும் முதல் 60 நாளுக்குள் ஆரம்பிக்கும் அவசர சிகிச்சைக்கு, 250 டாலர் டிடக்டிபிள் போக 80 சதவீதம், வாழ்நாள் மொத்தத்துக்கும் 50,000 டாலர். நீங்கள் போவது 120 நாள். ஜனவரி கடைசிக்கு மேல் அதுவும் கிடையாது. அதனால் நாலு மாதத்துக்கும் தனிப் பயண மருத்துவப் பாலிசி எடுங்கள், பழைய நோய்க்கு என்ன நிபந்தனை என்று பொடி எழுத்தைப் படியுங்கள். வருடா வருடம் போகிறவர் என்றால் இந்தியப் பாலிசியும் யோசிக்கலாம். 65-க்கு மேல் புதுப் பாலிசி தரலாம் என்று அங்கே 2024 ஏப்ரலில் வயது வரம்பை எடுத்துவிட்டார்கள். பழைய நோய்களுக்குக் காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருடம். அந்த மூன்று வருடம் இப்போதே ஓட ஆரம்பித்தால் நல்லதுதானே?

பார்ட் பி-யைத் தொடவே தொடாதீர்கள். விட்டால் திரும்ப ஜனவரி முதல் மார்ச் வரைதான் சேர முடியும், அந்த மாதங்களில் நீங்கள் கோவையில். முழுதாக 12 மாதம் விட்டால் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீத அபராதம், ஆயுளுக்கும். மெடிகாப்பும் கையை விட்டுப் போகும்.

கேள்வி: நாங்கள் மிச்சிகன்–ஃப்ளோரிடா. மருந்துக்கு என்ன செய்வது?

பதில்: பார்ட் டி பிளானை நிரந்தர விலாசத்தை வைத்து எடுப்பீர்கள். நாடு முழுக்கக் கிளை உள்ள மருந்துக்கடை பிளானில் இருக்கிறதா என்று பார்த்தால் பாதி கவலை தீர்ந்தது. உங்கள் பிளான் ஏற்கும் மருந்துகளுக்கு 2026-ல் உங்கள் கைச்செலவு 2,100 டாலரைத் தாண்டாது. அடுத்த வருடம் என்ன மாறுகிறது என்ற கடிதம் செப்டம்பர் கடைசியில் வரும். பெட்டி கட்டும் அவசரத்தில் அதைக் குப்பையில் போடாதீர்கள். புரியாவிட்டால் ஷிப் என்ற இலவச ஆலோசனைத் திட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறது, ஃப்ளோரிடாவில் அதற்கு ஷைன் என்று பெயர். தபாலில் மருந்து வாங்குகிறவர்கள் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே விலாசத்தை மாற்றிவிடுங்கள். எங்களுடைய மூன்று மாத ரத்த அழுத்த மாத்திரை ஒரு வருடம் நியூ ஜெர்சி வாசல்படியில் பனிக்கு அடியில் கிடந்தது. மார்ச்சில் பனி உருகிய பிறகு பக்கத்து வீட்டுக்காரர்தான் எடுத்து உள்ளே வைத்தார்.