பைக்கில் விழுந்து எழுந்தவர்கள் கேட்டவை: ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் பதில்கள்

மணலில் சறுக்கி விழுந்ததில் கழுத்துக்குக் கீழே தோள்வரை போகும் காறை எலும்பு முறிந்து, கையை ஸ்லிங்கில் போட்டிருக்கிறேன். விரலை அசைத்தாலே எலும்பு விலகிவிடும் என்கிறார்கள் வீட்டில். உண்மையா சார்?

விலகாது தம்பி. உங்கள் டாக்டர் தடை சொல்லியிருந்தால் தவிர, விரல்களையும் மணிக்கட்டையும் தினமும் அசையுங்கள். முழங்கையையும் ஸ்லிங்கிலிருந்து எடுத்து மெதுவாக நீட்டி மடக்குங்கள். பெரியவர்களுக்கு இந்த எலும்பு சேர 6 முதல் 12 வாரம் ஆகும். தோளை எப்போது தூக்கலாம் என்பதை மட்டும் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்லட்டும். எலும்பு நன்றாகச் சேர்ந்தும், பயந்து அசைக்காமல் வைத்ததால் தோள் இறுகிப்போய் வருபவர்கள்தான் என்னிடம் அதிகம். சிகரெட் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், எலும்பு சேர்வதை அது தாமதப்படுத்தும்.

கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். பத்து நாளாகியும் கட்டைவிரலுக்குக் கீழே குழியில் அழுத்தினால் வலி உயிர் போகிறது.

திரும்பப் போய்க் காட்டுங்கள். அங்கே ஸ்கேஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு உண்டு. அதில் விழும் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுத்தால் தெரியலாம், எம்ஆர்ஐ இன்னும் தெளிவாகக் காட்டும். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு அது, கவனிக்காமல் விட்டால் சேராமலே போகலாம். அதுவரை எண்ணெய் போட்டு உருவிவிட வேண்டாம்.

கணவருக்குப் பின்னால் உட்கார்ந்து போகும்போது விழுந்தோம். காயம் ஆறி இரண்டு மாதமாகிறது. இன்னமும் லாரி ஹாரன் கேட்டால் வியர்க்கிறது, தூக்கத்தில் அலறுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

சிரிக்க இதில் எதுவுமில்லை அம்மா. முதல் சில வாரங்கள் இப்படி இருப்பது இயல்பு, பலருக்குத் தானே தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலிமானஸ்) தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

வண்டிப் பக்கமே போகாமல் இருந்தால் அன்றைக்கு நிம்மதி, ஆனால் பயம் வளரும். அதனால் துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, ஸ்டாண்டு போட்டு நிற்கும் வண்டியில் சும்மா உட்காருங்கள். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிடாமல், கொஞ்சம் தணிந்த பிறகு இறங்குங்கள். சில நாள் கழித்துத் தெருமுனை வரை, அப்புறம் கடைத்தெரு வரை. தோளைத் தட்டினால் உடனே ஓரங்கட்ட வேண்டும் என்று கணவரிடம் முன்பே பேசிவையுங்கள். அவருக்கும் ஒரு வார்த்தை: "அதுதான் ஒன்றும் ஆகலையே" என்று சொல்லாதீர்கள். மனைவி தட்டினால் காரணம் கேட்காமல் நிறுத்துங்கள்.

ஹெல்மெட்டில் கீறல் மட்டும்தான். தொடர்ந்து போடலாமா?

தலை மோதியிருந்தால் வேண்டாம். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் பழையபடி எழும்பாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள புதியது வாங்குங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. விழுந்து மூன்று வாரமாகிறது, தலையில் சின்ன வீக்கம்தான் இருந்தது. இப்போது தலைவலி, நடையில் தடுமாற்றம், பேச்சிலும் குழப்பம்.

இன்றைக்கே, இப்போதே சிடி ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வயதானவர்களுக்கு மூளையைச் சுற்றி ரத்தம் மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்துத்தான் இப்படித் தெரியவரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் அந்தச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.