ஓடும் ஸ்டீம் லைனில் புதிய பிராஞ்ச்: ஒரு ஞாயிறு போதுமா?

கேள்வி: கஞ்சிக்கோட்டில் உணவுப்பொருள் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். 4 இஞ்ச் ஸ்டீம் லைன், பிரஷர் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ. முழுக்க வெல்டிங், நடுவில் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வளையம்) எதுவும் இல்லை. புதிய குக்கருக்கு 1 இஞ்ச் பிராஞ்ச் எடுக்க வேண்டும். ஓட்டை போட்டு பைப்பை வைத்து வெல்டு அடித்தால் போதாதா? ஞாயிறு ஒரே நாளில் முடியுமா?

வெல்டிங் வேலை ஒரே நாளில் முடியும். ஆனால் அதற்குமுன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. 3.5 கிலோவுக்கு மேல் பிரஷர் உள்ள ஸ்டீம் பைப் ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் ஒழுங்குமுறை) விதிகளுக்குள் வந்துவிடும். கேரளத்தில் தொழிற்சாலைகள், பாய்லர்கள் துறையிடம் வரைபடம் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகுதான் லைனில் கை வைக்கலாம். வாளையாறு தாண்டி கோவையிலிருந்து வெல்டரைக் கூட்டிவருவதாக இருந்தால், அவருடைய ஐ.பி.ஆர். சான்றை முன்பே துறையிடம் காட்டிவிடுங்கள்.

பைப்பை அப்படியே வைத்து வெல்டு அடிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓட்டை போட்ட இடத்தில் பிரஷரைத் தாங்கிக்கொண்டிருந்த இரும்பு போய்விடுகிறது. அந்த பலத்தை ஓட்டையைச் சுற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் அளவுக்கு 4-க்கு 1 சாக்கோலெட் வாங்குங்கள்; மெயின் பைப்பின் மேல் வெல்டு அடித்து, பிராஞ்ச் பைப்பைச் செருகும் இணைப்புத் துண்டு அது. அதன் தடித்த உடம்பே அந்த வேலையைச் செய்யும்; கணக்கை மட்டும் வரைபடத்தோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள். டீ (T வடிவ இணைப்பு) போடுவதென்றால் மெயின் லைனையே வெட்டி இரண்டு சுற்று வெல்டு அடிக்க வேண்டும். 1 இஞ்ச் பிராஞ்சுக்கு அது தேவையில்லை, 3 இஞ்ச் என்றால் டீதான் சொல்வேன்.

ஓட்டையை பைப்பின் மேல்பக்கம் போடுங்கள். ஒரு ஆலையில் பக்கவாட்டிலும் இல்லாமல் நேர் அடியில் எடுத்திருந்தார்கள். காலையில் ஸ்டீம் திறந்தால் லைனில் தேங்கிய தண்ணீர் முழுக்க அந்த பிராஞ்சுக்குள் பாய்ந்து, சம்மட்டியால் அடிப்பதுபோல் பைப் அதிரும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

கேஸ் கட்டிங் வேண்டாம், ஹோல் சா (வட்டமாக வெட்டும் ரம்பம்) போதும். வெட்டிய வட்டத் துண்டு உள்ளே விழாமல் பிடித்து வெளியே எடுங்கள். சாக்கோலெட்டுக்குள் பைப்பை முட்டும்வரை தள்ளி, அப்புறம் ஒன்றரை மில்லி பின்னால் இழுத்து வெல்டு அடிக்க வேண்டும். இடைவெளி இல்லையென்றால் சூடாகும்போது வெல்டில் விரிசல் விழும்.

பொதுவான ஹெட்டரில் (பல லைன்கள் சேரும் பெரிய பைப்பில்) வேறு பாய்லரும் ஓடுகிறதா? அப்படியென்றால் ஒரு வால்வை மூடிவிட்டு நம்பாதீர்கள், பிளைண்ட் (பைப்பை அடைக்கும் தகடு) போடுங்கள். தேங்கிய தண்ணீரை வெளியேற்றும் டிரெயினைத் திறந்துவைத்த பிறகுதான் கிரைண்டர் எடுக்க வேண்டும்.

ஹைட்ரோ டெஸ்டுக்கு (தண்ணீர் அழுத்தத்தில் லைனைச் சோதிப்பதற்கு) தண்ணீர் நிரப்பும்போது மீட்டருக்கு எட்டு கிலோ கூடுதல் எடை ஏறும். ஸ்டீமுக்காக மட்டும் போட்ட சப்போர்ட் அதைத் தாங்குமா என்று பாருங்கள், சந்தேகம் இருந்தால் தற்காலிக முட்டு கொடுங்கள். டெஸ்ட் முடிந்ததும் குக்கரை இணைக்காமல் பிராஞ்சை ஸ்டீமால் ஊதிவிடுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் துகள்கள் புதிய வால்வின் சீட்டில் போய் உட்கார்ந்தால் திங்கட்கிழமையே அது லீக் ஆகும்.